கடைசிப் பக்கம்

இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் முனகிக்கொண்டிருக்கும் அறையில், தையல்காரியும் இளம் பஸ் டிரைவரும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கிறார்கள். ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது. மற்றக் கையால்தான் இருவரும் பக்கம் புரட்டுவார்கள். "என்ன படிக்கிறே தம்பி?" என்று அவள் கேட்பதும், "நீங்க சொன்னதுதான்க்கா" என்று அவன் சொல்வதும் இங்கே வழக்கம். கதையின் முடிவை யாராவது உளறிவிட்டால் மட்டும் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். இன்று தன் வயிற்றின்மேல் கிடக்கும் தடித்த நாவலைத் தூக்கிக் காட்டுகிறாள். "அடுத்து இதைப் படி. பாதிதான் வந்திருக்கேன், கீழே வைக்க மனசே வரல." ஜன்னல் வெயில் பளபளப்பான அட்டையில் பட்டு அவனுடைய வீங்கிய முகத்தில் விழுகிறது. அவன் புத்தகத்தின் தடிமனையே பார்க்கிறான். "இப்ப குத்தியிருக்கிற இடமும் அடைச்சுட்டா, கையிலயும் கழுத்துலயும் இனிமே ஊசி போட இடமில்லன்னு டாக்டர் சொல்லிட்டார்க்கா. இவ்வளவு பெரிய புத்தகம் எனக்கு எதுக்கு? முடிவை மட்டும் சொல்லிடுங்க." "வாயைக் கழுவு" என்று சொல்ல வந்தவள், மீதிப் பக்கங்களைக் கட்டைவிரலால் ஒருசேரத் தள்ளுகிறாள். அடையாளத்துக்கு வைத்திருந்த துணித்துண்டு நழுவித் தரையில் விழுகிறது. யாரையும் எடுத்துத் தரச் சொல்லாமல், கடைசிப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கிறாள். அதில் ஒருத்தி விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்குகிறாள்.

"யாருக்கா அது?"

"தெரியலையே தம்பி. அவ்வளவு தூரம் நானும் போகலையே."