இரண்டாவது சைக்கிள்

"ஏன்டா நாசரு, ரெண்டு சைக்கிளாத்தான போனீங்க? ஒண்ணு மட்டும் வருது! எங்கடா எம்புள்ள?"

அமிர்தம் கரண்டியும் கையுமாக வாசலுக்கே வந்துவிட்டாள்.

மகன் அறிவழகனும், கடலூரில் அவனோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கும் நாசரும் சைக்கிள் ஏறி இன்றோடு ஒன்பது நாள். மன்னார்குடி, வேதாரண்யம், கும்பகோணம் என்று டெல்டா ஊர்களாகச் சுற்றிவிட்டு, இன்று மத்தியானம் காட்டுமன்னார்கோயிலில் அவள் கையால் சாப்பிட்டுப் போவதாக ஏற்பாடு.

"பின்னாடி வரான்மா." நாசர் ஹெல்மெட்டைக் கழற்றினான். கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"வெயில்ல கண்ணப் பாரு, கோவைப்பழமாட்டம்! பஸ்ஸு, ரயிலெல்லாம் எதுக்கு வுட்டிருக்கான்? இவனுங்க சைக்கிள்ல ஊரளக்கிறானுங்களாம். அவன் போனு வேற சுவிட்ச் ஆப்புங்குது."

"சார்ஜ் இல்லம்மா. நீங்க சாப்புட்டீங்களா?"

"அவன் வராம எனக்கு எப்படி எறங்கும்? விரால் மீன் கொழம்பு வச்சிருக்கேன்."

"தெரியும்மா. நேத்து ஒரு ரைஸ் மில்லுல படுத்திருந்தோம். தூங்குற வரைக்கும் உங்க கொழம்பப் பத்தியேதான் பேசிக்கிட்டிருந்தான்." நாசர் அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டான். "காலைல சுகர் மாத்திரை போட்டிருப்பீங்க. நீங்க சாப்புட்டாத்தான் நானும் சாப்புடுவேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. அடுப்படிக்குப் போய் அவனே சோறு போட்டு, குழம்பு ஊற்றி எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தான். தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டான். விருந்தாளி வீட்டுக்காரிக்குப் பரிமாறுகிற கூத்தை அமிர்தம் இப்போதுதான் பார்க்கிறாள். சட்டென்று பொறி தட்டியது. அடப்பாவி, தூது வந்திருக்கிறான்!

சாயங்காலம் பண்ருட்டியிலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள். ஒரு வருஷமாகக் கல்யாணப் பேச்செடுத்தாலே நழுவுகிற பிள்ளையை இன்றைக்கு எப்படியாவது தலையாட்ட வைத்துவிட வேண்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

"நெசத்தச் சொல்லு. எவளையாவது பாத்து வச்சிருக்கானா?"

நாசர் தலையைக் குனிந்துகொண்டான். "மொதல்ல சாப்புடுங்கம்மா. அப்புறம் சொல்றேன்."

"அதான பாத்தேன்! மடியில கனம் இருந்தாத்தான வழியில பயம்? உன்ன முன்னால அனுப்பிட்டுத் தொர எங்கயோ ஒளிஞ்சிருக்காரா?"

கோபம் பொத்துக்கொண்டுதான் வந்தது. நாலு கவளம் உள்ளே போவதற்குள் இறங்கியும்விட்டது. பெற்றவள் கோபம் எத்தனை நேரத்துக்கு?

"யாரா இருந்தா என்ன? அவன் சந்தோசமா இருந்தாச் சரி. அம்மா ஒத்துக்கிச்சுன்னு சொல்லி வரச் சொல்லு. பண்ருட்டிக்காரங்கள நான் சமாளிச்சுக்கறேன்."

நாசர் தட்டில் சோறு போட்டது போட்டபடி இருந்தது.

"இன்னும் ரெண்டு வாய்ம்மா..." குரல் நடுங்கியது.

பயந்தாங்கொள்ளிப் பயல், இதற்கா இந்த நடுக்கம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. தட்டை வழித்துச் சாப்பிட்டு எழுந்து கை கழுவினாள். முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ம், வயிறு ரொம்பிடுச்சு. இப்பச் சொல்லு, பொண்ணு யாரு?"

நாசர் திரும்பிப் பார்த்தான். வாசலில் பக்கத்து வீட்டு பவானியின் தலை தெரிந்தது. அவளுக்குப் பின்னால் தெரு ஜனம் மொத்தமும் நின்றது. ஒருவரும் படியேறவில்லை.

"தம்பி, அமிர்தம் சாப்புட்டுச்சா?" பவானி கேட்டது அவளை அல்ல, நாசரை.

"சாப்புட்டாங்கக்கா."

அவ்வளவுதான். பவானி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள்: "சேதி தெரிஞ்சா ஒரு வாய் சோறு எறங்காதேன்னு இந்தத் தம்பி போன்ல சொன்னதுலேருந்து ஒரு மணி நேரமா வாயப் பொத்திக்கிட்டு நின்னோமேடி! ஏரிக்கரையில லாரி அடிச்சு நம்ம அறிவு போயிட்டாண்டி, அமிர்தம்!"