ஏலக்காய் போடாத பாக்கெட்

"அடியே நிர்மலா, உன் சக்களத்தி வர்றாடி!"

பக்கத்துக் கடை தீர்த்தம்மாள் கீரைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தே விட்டாள்.

நிர்மலா நிமிர்ந்து பார்த்தாள். மாதேஷின் இரண்டாம் மனைவி வெண்மதிதான். பாப்பாரப்பட்டி சந்தைக் கூட்டத்தில் தலையைக் குனிந்தபடி நேராக இவள் கடைக்குத்தான் வந்துகொண்டிருந்தாள்.

"புள்ள இல்லன்னு உன்னைத் தீர்த்து விட்டுட்டு அவளைக் கட்டுனான். இப்ப அவளே உங்கிட்ட வர்றான்னா என்ன துணிச்சல் பாரேன்!"

நிர்மலா சத்துமாவுப் பாக்கெட்டுகளை அடுக்கினாள். விற்பதற்குப் பாய் மேல் முப்பது. பைக்குள் தனியாக ஒன்று. அது ஏலக்காய் போடாதது. வாராவாரம் ஒன்று அப்படிக் கட்டுவாள். யார் கேட்டாலும் விற்க மாட்டாள்.

'யாருக்குடி அது?' என்று தீர்த்தம்மாள் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. 'எனக்குத்தான்' என்பதோடு சரி.

வெண்மதி வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு பாக்கெட் குடுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தாங்க. உங்க மாவைக் குடிச்சா உடம்பு தேறும், கரு தங்கும்னு சொன்னாங்க." குரல் உள்ளே போயிற்று. "மூணு வருஷம் ஆச்சுங்க. வர்ற ஆடிக்கு அம்மா வூட்டுக்குப் போனா அங்கயே இருந்துக்கன்னு அத்தை சொல்லிட்டாங்க. அவரும் பேசாம நிக்கிறாரு."

நிர்மலாவின் கை நின்றது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடிக்கு அவளும் அப்படித்தான் போனாள்.

"உனக்குத் தர்றதுக்கில்ல."

"அக்கா..."

"உனக்கு வேணாம்னேன். போ."

"அப்படிப் போடு!" என்றாள் தீர்த்தம்மாள். "மணவறையில உக்காரும்போது இவளை நெனச்சியா? இப்ப வந்து அழுதா ஆச்சா?"

வெண்மதிக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பி நடந்தாள்.

"கொஞ்சம் கடையைப் பாத்துக்க" என்று நிர்மலா பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். தக்காளிக் கூடைகளைத் தாண்டிப் போய் அவள் கையைப் பிடித்தாள்.

"இந்தா, இதைப் படி."

எந்நேரமும் அவள் பைக்குள்ளேயே கிடந்து, மடித்து மடித்துக் கிழியப் பார்த்த ஆஸ்பத்திரித் தாள். தேதி ஏழு வருஷத்துக்கு முந்தையது. பேர் மாதேஷ். விந்தணு குறைவு என்று இருந்தது. பின்பக்கம் டாக்டர் எழுதியிருந்தார்: புகையிலையை விடணும். பூசணி விதை, நிலக்கடலை, பாதாம், முட்டை, கீரை. ஆறு மாசம் மாத்திரை. அப்புறம் மறுபடி டெஸ்ட்.

"எனக்கு எல்லாம் சரியாத்தான் இருந்தது கண்ணு. இந்தத் தாளைப் பாத்துத்தான் அவருக்காக மாவரைக்க ஆரம்பிச்சேன். அவரு மாத்திரையைத் தொடல, புகையிலையையும் விடல. ஆம்பளைக்கு எதுக்கு வைத்தியம்னுட்டாரு."

வெண்மதி தாளிலிருந்து நிமிர்ந்தாள்.

"இதை அன்னிக்கே ஊர் முன்னால காட்டியிருந்தா, நீங்க அந்த வூட்லயே இருந்திருக்கலாமேக்கா!"

"தருமபுரியிலருந்து வர்ற பஸ்ல, யாருக்கும் சொல்லிடாதன்னு எங்கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. ஸ்டாப்பிங் வர்ற வரைக்கும் விடவே இல்ல."

நிர்மலா தன் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"இப்பவும் வெளியாளுக்குச் சொல்லல. நீ அவரு பொண்டாட்டி. சண்டை போட்டாவது ஆடிக்கு முன்ன டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ. நீயும் பாத்துக்க. மாவை மட்டும் நம்பிட்டு இருக்காத."

வெண்மதி தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நிர்மலா பைக்குள் கைவிட்டு, தனியாகக் கிடந்த அந்தப் பாக்கெட்டை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"இதுல ஏலக்காய் போடல. அவருக்கு அந்த வாசனை ஆகாது."