காலியாக விட்ட கட்டம்

'முடிவுகள் எதுவும் இல்லை' என்றது திரை.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அதையேதான் சொன்னது.

ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய மருத்துவமனையின் இணையதளம் அது. அதில் கண் டாக்டராக உங்கள் மகள் எழிலரசி இருக்கிறாள் என்று, மதுரைக்குப் போய்வந்த எதிர்வீட்டுக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு, இவர் முகத்தைப் பார்த்ததும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

மருத்துவமனைக்குப் போன் போட்டிருக்கலாம்.

'நீங்க யாரு?' என்று கேட்பார்கள்.

அதனால்தான் வெயிலில் நடந்து இந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தார்.

ஊர், பிரிவு, படிப்பு, பெயர், இனிஷியல். எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருந்தார். தாலுகா ஆபீசில் இருந்தவர். ஒரு இடம் காலியாக இருந்தாலும், ஆளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் மனுவைத் திருப்பித் தள்ளியவர்.

இனிஷியலில்தான் விரல் நின்றது.

கல்யாணமான பெண்ணுக்குக் கணவனின் எழுத்து. வழக்கம் அதுதான். ஆனால் அந்தோணி என்ற பெயரை அவர் வீட்டில் யாரையும் உச்சரிக்க விட்டதில்லை. மனைவி இறந்தபோதுகூட மகளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. இப்போது அந்த வீட்டில் எந்தப் பெயரையும் உச்சரிக்க ஆளில்லை.

'அ' என்று அடித்தார்.

இதற்கு மேல் ஒரு மனிதன் எவ்வளவுதான் இறங்கி வருவான்?

முடிவுகள் எதுவும் இல்லை.

எழுந்து போய்விடலாம். மெஸ் சாப்பாட்டைப் பிரித்துவைத்து, டி.வி.க்குப் பதில் சொல்லிக்கொண்டே சாப்பிடலாம்.

சென்டர் நடத்தும் பெண் எட்டிப் பார்த்தாள்.

"திருமேனி ஐயா, எல்லாத்தையும் ரொப்புனா வராது. ஒண்ணு தப்பா இருந்தாலும் ஒண்ணுமே காட்டாது. பேரை மட்டும் போடுங்க. மத்ததைக் காலியா விடுங்க."

காலியாக விடுவதா?

அழித்தார். ஊர். பிரிவு. படிப்பு. கடைசியாக அந்த 'அ'.

திரை நிறைய எழிலரசிகள் வந்தார்கள். பல் டாக்டர் ஒருத்தி. குழந்தை டாக்டர் ஒருத்தி. யார் யாரோ பெற்ற பெண்கள். முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டே கீழே இறங்கினார்.

நின்றார்.

நெற்றியும் மூக்கும் அவள் அம்மாவுடையவை. இளைத்திருந்தாள்.

வெகுநேரம் கழித்துத்தான் பெயரைப் படித்தார்.

தி. எழிலரசி.

முதல் வகுப்பில் சேர்த்த அன்று அவர் சொல்லிக் கொடுத்த அதே எழுத்து. அவள் அதை மாற்றவே இல்லை.

"கிடைச்சிட்டாங்களா ஐயா?" என்றாள் அந்தப் பெண். "நீங்க அவங்களுக்கு யாரு?"

அவர் கையை நீட்டி, திரையில் அந்த 'தி'யின் மேல் விரலை வைத்தார்.