திரும்பி வரும் வரிசை

தாய்லாந்து எல்லையில் முத்திரை குத்தி முடித்ததும் எல்லோரும் ஹாட்யாய் நகருக்குப் போகும் டூர் வேனில் ஏறினார்கள். துளசி மட்டும் ஏறவில்லை.

“தம்பி, நான் இப்படியே திரும்பி பஸ் புடிச்சு பினாங்கு போயிடுறேன்.”

டிரைவர் கோகிலனுக்கு பினாங்கு ஆயர் ஈத்தாமில் அவளை ஏற்றும்போதே சந்தேகம்தான். மூன்று நாள் டூருக்கு ஒரே ஒரு கைப்பை. சுங்கச் சோதனையில் திறந்தபோது உள்ளே ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம்தான் இருந்தது.

“என்னக்கா இது? விசா முடிஞ்ச வெளிநாட்டுக்காரங்கதான் இப்படி வெளிய வந்துட்டு உடனே உள்ள போவாங்க. உங்ககிட்ட மலேசியப் பாஸ்போர்ட்டே இருக்குல்ல!”

“நான் ஹாட்யாய் பாக்க வரலப்பா. திரும்பிப் போகத்தான் வந்தேன்.”

கோகிலன் தலையைச் சொறிந்துகொண்டே வேனை எடுத்தான்.

மலேசியப் பக்கம், ‘குடிமக்கள்’ என்று போர்டு மாட்டிய வரிசையில் துளசி நின்றாள். அவள் முறை வந்ததும் ஒதுங்கி, பின்னால் இருந்தவருக்கு வழிவிட்டாள். அடுத்தவருக்கும் விட்டாள். மூன்றாவதாக வந்த பெண் தயங்கினாள்.

“ஏன்க்கா, பாஸ்போர்ட்டுல ஏதும் பிரச்சனையா?”

“இல்லம்மா. பினாங்குப் பக்கம் பத்துகாவான் தோட்டத்துல பொறந்தேன், பொறப்புப் பத்திரம் இல்ல. அறுபத்தொரு வயசு வரைக்கும் சிவப்பு அடையாள அட்டை, சிவப்பு ஐசிதான். இங்க இருக்கலாம், ஆனா குடிமகள் இல்லேன்னுட்டாங்க. போன மாசம்தான் குடிமக்களுக்குக் குடுக்கிற நீல ஐசி கெடச்சிச்சு.”

துளசி போர்டை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ போம்மா. நான் இன்னும் கொஞ்ச நேரம் இந்த வரிசையில நின்னுக்கிறேன்.”