முதலில் கையை எடுத்தவர்

துண்டுக்குள் வேதாசலத்தின் கை ஆட ஆரம்பித்தது.

ஆட்டமென்றால் சாதாரண ஆட்டமா? மேலே துண்டு மட்டும் மூடியிருக்காவிட்டால் ஆம்பூர் தோல் சந்தையே ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்திருக்கும்.

நெஞ்சு அடித்த அடி வாணியம்பாடி வரை கேட்டிருக்க வேண்டும். வழிந்த வியர்வையில் நூறு ஆட்டுத்தோலை ஊறப் போட்டிருக்கலாம். சித்திரை வெயில் என்று சந்தை நினைத்துக்கொண்டது. 'ஓடுடா, சாகப் போறே' என்று உடம்புக்குள் யாரோ கூவிக்கொண்டே இருந்தார்கள்.

துண்டின் மறுபக்கம் நயீம் அகமதின் கை. தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி. எந்நேரமும் ஒரு கன்னத்தில் எதையோ அடக்கிக்கொண்டுதான் பேசுவார். கலெக்டர் துரை வந்து நின்றபோதும் துப்பவில்லை. அவ்வளவு திமிர் என்பது சந்தையின் தீர்ப்பு.

அங்கே விலையை வாய் பேசாது. துண்டுக்கடியில் விரல்தான் பேசும். நயீம் அகமது மூன்று விரலைப் பிடித்தார். நாலு என்று நின்றார் வேதாசலம். யார் முதலில் கையை எடுக்கிறாரோ, அவர் எதிராளியின் விலைக்குக் கட்டுப்பட வேண்டும். நயீம் அகமது எடுத்ததாகச் சரித்திரமே இல்லை.

வேதாசலம் எடுத்தால், வாலாஜாபேட்டையிலிருந்து கொண்டுவந்த தோலெல்லாம் மூன்று விரலுக்குப் போகும். போனால் போகிறது. பயந்து கையை எடுத்தவன் என்ற பேர் போகுமா?

இத்தனைக்கும் இது பயமே இல்லை. காலையில் போட்டுக்கொண்ட நீரிழிவு ஊசியின் வேலை. ரத்தத்தில் சர்க்கரை கம்மியானால் இப்படித்தான் உதறும், உடனே வாயில் இனிப்பைப் போடு என்று வேலூர் டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதற்கென்றே மடியில் முடிந்த வெல்லக்கட்டியைப் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் ருசிக்காகவே தின்று தீர்த்திருந்தார் வேதாசலம்.

கேட்டு வாங்கலாம். நடுச் சந்தையில், கை நீட்டி, வெல்லம்! அதற்குச் சுண்ணாம்புத் தொட்டியில் குதித்துவிடலாம்.

நயீம் அகமது காதோரம் குனிந்தார். "இன்னா வேதாசலம், கை தந்தி அடிக்குது? எடுத்துடேன்."

"தந்தியில இன்னா சேதி தெரியுமா பாய்? நாலு விரல்!"

சொல்லிவிட்டார். ஆனால் சந்தை இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

நயீம் அகமது அந்தக் குளிர்ந்த கையை விடாமல், நாடி பார்ப்பவர்போல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். அவருடைய இடது கை ஜிப்பாப் பைக்குள் போய், துண்டைச் சரிசெய்கிற சாக்கில் உள்ளே நுழைந்தது.

வேதாசலத்தின் உள்ளங்கையில் சிறு கல் போல ஒன்று விழுந்தது. நாலு விரலையும் சேர்த்து அதன்மேல் மடக்கி, ஓர் அழுத்து அழுத்தினார் நயீம் அகமது.

பிறகு, சந்தை முழுக்கப் பார்க்க, கையை வெளியே எடுத்தார்.

"அடுத்த சந்தையில உன் தோலை உரிக்கறேன் பாரு!"

வேதாசலம் முஷ்டியை வாயில் வைத்துப் பொய்யாக ஓர் இருமல் இருமினார்.

கல்கண்டு.

பதில் சொல்ல வாய் ஒழியவில்லை. முதுகை மட்டும் நிமிர்த்தினார்.

"ஒரே ஒரு தரம் ஜெயிச்சதுக்கு எவ்ளோ திமிரு, பாத்தியா?" என்றது சந்தை.

அவருக்கும் இப்போது ஒரு கன்னம் உப்பியிருந்தது.