ப்ரூனோ தள்ளிய பனி

"சீக்கிரம் பிடிடா! ஹெல்மி வர்றதுக்கு இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்கு."

மனைவி திரும்புவதற்குள் முடிக்கும் அவசரத்தில் வைனோ பாதி குனிந்தபடியே கத்தினார். பக்கத்து வீட்டு ப்ரூனோ, பனியில் சறுக்காமலிருக்க டயரில் மாட்டும் சங்கிலியின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சின்ன டிராக்டரின் பின்சக்கரத்தைச் சுற்றி வந்தார். கையுறையைத் தாண்டி இரும்பு சில்லென்று கடித்தது.

"எனக்கு இது சரியாப் படலை, வைனோ. உனக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி மூணு மாசந்தான் ஆகுது. டிராக்டரைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னதா ஹெல்மி ஊர் பூரா தம்பட்டம் அடிச்சிருக்கா."

"அந்த டாக்டர் தெற்கே டெட்ராய்ட் நகரத்துக்காரன். பனியை டிவியில பார்த்திருப்பான்."

"மீறினா டிராக்டரைத் தன் தம்பிக்குக் குடுத்துடுவேன்னும் சொல்லியிருக்காளாமே?"

வைனோவின் முகம் சுருங்கியது. "அதுக்குத்தான் அவளுக்குத் தெரியக்கூடாதுங்கறேன். அந்தத் தடியன் கையில போனா இது ஒரு மாசம் தாங்காது. ஏய், என்ன பண்றே? கொக்கியோட வாய் வெளிப்பக்கம் பார்க்கணும்! உள்பக்கம் இருந்தா டயரைத் தின்னுடும். எழுபது வருஷமா இந்த மேல் மிச்சிகன் பனியில என்னத்தைக் குப்பை கொட்டினே?"

"சரி, நகரு. நானே ஓட்டறேன்."

"என் டிராக்டர் சீட்டுல உன் பின்பக்கம் படக்கூடாது."

ப்ரூனோவுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. மூன்று மாதமாக இந்த ஆள் ஜன்னலோர நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, எதிர்ச்சுவரையே வெறித்துக்கொண்டிருந்தார். சீட்டாடக் கூப்பிட்டால்கூட எழுந்து வரவில்லை. இன்று வாய் நிறையத் திட்டுகிறாரே, அதுவே போதும் என்று இருந்தது.

"ஹெல்மி கேட்டா யார் தள்ளினதுன்னு சொல்றது?"

"நீதான்!"

மேட்டுப்பாதையில் இடுப்பளவு பனி. முன்னால் மாட்டிய தகட்டால் அதைத் தள்ளியபடி டிராக்டர் உறுமிக்கொண்டு ஏறியது. பத்து நிமிடத்தில் வைனோ நிறுத்தி, இறங்கி, தளர்ந்திருந்த சங்கிலியை மறுபடி இழுத்து இறுக்கினார். பிறகு டிராக்டர் எங்கேயும் சறுக்கவே இல்லை. வீட்டு வாசலிலிருந்து சாலைவரை, பாதையின் ஓரம் கயிறு பிடித்தாற்போல் நேராக வந்துவிட்டது.

சர்ச் விற்பனைக்கு பேஸ்டி சுடப் போயிருந்த ஹெல்மி, சிநேகிதியின் ஜீப்பிலிருந்து சாலையில் இறங்கியபோது வைனோ பழையபடி நாற்காலியில் இருந்தார், பக்கத்தில் ப்ரூனோ. கம்பளி கழுத்துவரை ஏறியிருந்தது.

"யாரு, ப்ரூனோவா தள்ளினது?" ஹெல்மி வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தார். "உன் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்! உட்காரு, சாப்பிடு."

கறியும் உருளைக்கிழங்கும் அடைத்த சூடான பேஸ்டி இரண்டு, ப்ரூனோவின் தட்டில் விழுந்தன. அவர் குற்ற உணர்ச்சியோடு ஒன்றைக் கடித்தார். நன்றாகவே இருந்தது.

"என்ன நேர்த்தி! வைனோவும் நாப்பது வருஷமாத் தள்ளினான். ஒரு நாளாவது ஓரம் இப்படி நேரா வந்திருக்கா?"

கம்பளி லேசாக அசைந்தது.

"ரோட்டோரத்துல நம்ம தபால் பெட்டி சாயாம நிக்குது பாரு! வைனோ வருஷத்துக்கு ரெண்டு தடவை சாய்ப்பான்."

"ஒரு தடவைதான்!" என்றது கம்பளி.

"நீ சும்மா இரு. ப்ரூனோ, சங்கிலி மாட்டறதுன்னா உன்கிட்டதான் கத்துக்கணும். டிராக்டர் கொட்டகையில எட்டிப் பார்த்தேன், எவ்வளவு இறுக்கம்! இவனுக்கு எங்கே அந்தப் பொறுமை?"

"அவனா?" வைனோ எழுந்துவிட்டார். "கொக்கியை உள்பக்கமாத் திருப்பி மாட்டப் போனான் இவன்! நான்தான் மாட்டினேன். நான்தான் தள்ளினேன். ஒவ்வொரு அங்குலமும் நான்!"

ப்ரூனோவின் வாயில் பேஸ்டி அப்படியே நின்றது. போச்சு, எல்லாம் போச்சு!

ஹெல்மி இடுப்பில் கை வைத்தார். "டாக்டர் என்ன சொன்னார்? என் தம்பி நாளைக்கே வந்து டிராக்டரை ஓட்டிட்டுப் போவான். கொட்டகையையும் பூட்டப் போறேன்."

"பூட்டிப் பாரு! பூட்டை உடைப்பேன். நாளைக்கும் தள்ளுவேன், கூரைப் பனியையும் தள்ளுவேன். உன் தம்பி வந்தா அவனையும் சேர்த்துத் தள்ளுவேன்!"

கம்பளியைத் தரையில் வீசிவிட்டு, கைத்தடியைக்கூட எடுக்காமல் கொட்டகையைப் பார்க்க நடந்தார் வைனோ. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

ப்ரூனோ தட்டைத் தள்ளி வைத்தார். "ஹெல்மி, தப்பு என்னுதுதான். நான் தடுத்திருக்கணும். டிராக்டரை மட்டும் குடுத்துடாதே, அவன் உடைஞ்சே போயிடுவான்."

ஹெல்மி ஜன்னல் வழியே அந்த நடையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"டாக்டர், எப்படியாவது அவனை எழுந்து நடமாட வைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டீங்களே! நான் கெஞ்சினப்போ அசையாத மனுஷன், எதையும் தொடக்கூடாதுன்னு நீங்க சொன்னதா நான் ஒரு பொய் சொன்னதும் இன்னிக்குப் பாதை முழுக்கப் பனி தள்ளிட்டான். அடுத்த வாரத்துக்கு எதைச் செய்யக்கூடாதுன்னு சொல்லட்டும்?"