முழங்கையில் ஒரு கோடு

"பிள்ளைக்கு வயசு என்ன சொன்னீங்க?"

டாக்டர் இரண்டாம் முறை கேட்டார்.

"பன்னெண்டு," என்றார் பிள்ளையின் அப்பா. முதல் முறை சொன்ன அதே வேகத்தில்.

விளக்குப் பெட்டியில் மகள் இசக்கியின் முழங்கை வெள்ளையாகத் தெரிந்தது. சாயங்காலக் கபடிப் பயிற்சியில் நாலு பேர் அமுக்கியதில் அந்தக் கையின் மேல்தான் விழுந்திருந்தாள். எக்ஸ்ரே படத்தில் எலும்பின் உள்ளோரமாக ஒரு கறுப்புக் கோடு. பென்சிலால் லேசாக இழுத்த மாதிரி.

டாக்டர் பேனா முனையை அதன்மேல் வைத்தார்.

"இதுதான் எனக்குச் சந்தேகம் அண்ணாச்சி. வளர்ற பிள்ளைங்களுக்கு இந்த இடத்துல எலும்பு இன்னும் ஒட்டியிருக்காது. நடுவுல குருத்தெலும்பு இருக்கும். படத்துல அது இப்படித்தான் கோடாத் தெரியும். பன்னெண்டு வயசுன்னா இது இருக்க வேண்டிய கோடு. பதினஞ்சுன்னா ஒட்டியிருக்கணும். அப்ப இது முறிவு."

அவர் படத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

பக்கத்தில் நின்ற கபடி மாஸ்டர் சுவர்க் காலண்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடத்துக் காலண்டர்.

மாஸ்டருக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். சர்டிபிகேட் வயசா, சொந்த வயசா என்று கேட்டுக்கொள்வது அந்தப் பக்கத்தில் சகஜம். இசக்கிக்கு சர்டிபிகேட்டில் பன்னிரண்டு, சொந்தத்தில் பதினைந்து. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே பண்ணுகிற ஊர். இவர் சொன்னது ஒன்றே ஒன்று. அதுவும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, யாருக்கும் கெடுதல் இல்லாமல்.

நாளைக் காலை மாவட்ட அணித் தேர்வு. பதினான்கு வயதுக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் விளையாட்டு விடுதி. சாப்பாடு, படிப்பு எல்லாம் அங்கேயே.

"அடிபடாத கையையும் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பாத்தா தெரிஞ்சிரும்," என்றார் டாக்டர்.

"வேண்டாம் டாக்டரம்மா."

அவசரப்பட்டுவிட்டார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"சின்னப் பிள்ளைக்கு எதுக்கு ரெண்டு தடவை? அந்தக் கதிரு உடம்புக்கு ஆகாதுன்னு சொல்லுதாவ."

டாக்டர் அவரையே பார்த்தார்.

"முறிவை முறிவுன்னு தெரியாம விட்டுட்டா கை நேராவே வராது. புரியுதில்ல?"

"பன்னெண்டுதான்."

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. அது அவர் காதிலேயே விழுந்தது.

டாக்டர் விளக்கை அணைத்தார்.

"சரி. உங்க வார்த்தையை நம்பித்தான் சொல்றேன். சுளுக்குன்னு வச்சுக்குவோம். ஒரு வாரம் கையை அசைக்கக் கூடாது. வீக்கம் வடியலைன்னா உடனே கூட்டிட்டு வரணும்."

மாஸ்டர் பலமாகத் தலையாட்டினார். பிறகு அப்பாவின் காதருகே குனிந்தார்.

"காலையில வலி ஸ்ப்ரே அடிச்சி ஆட்டத்துல எறக்கிருவோம்."

அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை; மகளிடம் போனார்.

இசக்கி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அடிபட்ட கையை, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருள்போல மடியில் வைத்திருந்தாள்.

எழுப்புவதற்காக அவள் தோளைத் தொட்டார். முழங்கை கொஞ்சம் அசைந்திருக்கும். அவள் முகம் வெளுத்தது. கீழுதட்டைக் கடித்தாள்.

"வலிக்கலப்பா," என்றாள்.

அவர் கேட்கவே இல்லை.

மாஸ்டர் முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். வெளியே அவருடைய பைக் நின்றது. இரண்டு எட்டு வைத்தால் வாசல்.

அப்பா திரும்பினார்.

"வர்ற ஐப்பசிக்குப் பதினாறு, டாக்டரம்மா."

மாஸ்டரின் கை கதவை விட்டது.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மாஸ்டர் அந்தப் பக்கம் இருந்தார்.

டாக்டர் மறுபடி பெட்டி விளக்கைப் போட்டார்.

இசக்கி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். நாளைக் காலை இல்லை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. விடுதியும் இல்லை. அவர் அவளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். திட்டுவாள் என்று நினைத்தார்.

அவள் நல்ல கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். உதடு கோணியது. சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதாள்.

"வலிக்குதுப்பா," என்றாள். "ரொம்ப வலிக்குது."